படைப்பிரிவில் கற்கும் பண்பாடு: ஐந்து வழிகளில் எதைத் தொடங்குவது?

அண்மையில் மூன்று வாசகர்கள் ஏறக்குறைய ஒரே கேள்வியை எழுதிக் கேட்டிருந்தார்கள். ஒருவர் காலாட்படைப் பட்டாலியன் ஒன்றில் கம்பெனி கமாண்டர். இன்னொருவர் ஆயுதப்படைக் காவல் பிரிவில் பயிற்சிப் பொறுப்பை ஏற்றிருப்பவர். மூன்றாமவர் பாதுகாப்பியல் பயிலும் முதுகலை மாணவி. பிரிவில் உள்ளவர்கள் உழைப்பாளிகள், கட்டுப்பாடு மிக்கவர்கள்; ஆனாலும் சென்ற ஆண்டுப் பயிற்சியில் நேர்ந்த பிழையே இந்த ஆண்டும் நேர்கிறது; இதை மாற்ற எங்கிருந்து தொடங்குவது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு பயிற்சி முடிந்ததும் உட்கார்ந்து அலசும் வழக்கத்தைக் கொண்டுவருவதா, பாடங்களைத் திரட்டிவைக்கத் தனிப் பிரிவு அமைப்பதா, தேர்ந்த ஆட்களைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்புவதா, பிழையைத் தானே முன்வந்து சொல்பவருக்குத் தண்டனை இல்லை என்று அறிவிப்பதா, வெளியாட்களை அழைத்து ஆராயச் சொல்வதா? ஐந்தையும் ஒருசேரச் செய்ய எந்தப் பிரிவிடமும் ஆளும் இல்லை, நேரமும் இல்லை. காவல் பணி, அணிவகுப்பு, மேலதிகாரிகளின் ஆய்வு வருகை, விடுப்பு என்று ஆண்டின் நாட்கள் முன்கூட்டியே பங்கிடப்பட்டுவிடுகின்றன.

காலாட்படையில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், இந்தப் பொருளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருபவன் என்ற முறையிலும் எனக்குத் தெரிந்ததை இங்கே வைக்கிறேன்.

## முதலில் அளவுகோல்கள்

பாடம் திரட்டப்படுவது வேறு, கற்கப்படுவது வேறு. அன்றைக்கு அந்த இடத்தில் இல்லாத ஒரு சிப்பாய், பின்னொரு நாள் அதே நிலைமையில் மாட்டிக்கொள்ளும்போது வேறு விதமாக நடந்துகொண்டால்தான் படை கற்றது என்று சொல்லலாம். அதுவரை நம்மிடம் இருப்பது கோப்பு மட்டுமே. இதை மனத்தில் கொண்டால் ஒவ்வொரு வழியிடமும் ஐந்து கேள்விகளைக் கேட்கவேண்டியிருக்கிறது.

பிழை நேர்ந்ததற்கும் திருத்தப்படுவதற்கும் இடையில் எவ்வளவு காலம் கழிகிறது? கடைநிலையில் இருப்பவன் தான் கண்டதைக் கண்டபடி சொல்ல முடிகிறதா? சொல்லப்பட்டது, அங்கே இல்லாத மற்றப் பிரிவுகளைச் சென்றடைகிறதா? தொடங்கிவைத்த அதிகாரி மாற்றலாகிப் போன பிறகும் அது நிற்கிறதா? கடைசியாக, வெளியே தெரியாத விலை என்ன, அதைக் கொடுப்பவர் யார்?

இவற்றில் இரண்டாவது கேள்விக்கே நான் அதிக எடை கொடுக்கிறேன். காரணத்தை ஒரு நிகழ்ச்சியால் சொல்வது எளிது. பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இரவுப் பயிற்சியில் எங்கள் ரோந்துக் குழு ஒன்று வழி தவறி, இலக்கை அடையாமலே விடியற்காலையில் திரும்பியது. மறுநாள் சாண்ட் மாடலை (நில அமைப்பைக் காட்டும் மணல் மாதிரியை) சுற்றி நின்று பேசினோம். வரைபடம் பழையது, நிலவொளி இல்லை, ஓடைகள் ஒன்றுபோல இருந்தன என்று காரணங்கள் சொல்லப்பட்டு, குறித்துக்கொள்ளப்பட்டன. மூன்றாம் நாள் மாலை லங்கரில் (படையின் சமையற்கூடத்தில்) தேநீர் வாங்க நின்றபோது, அந்தக் குழுவில் சென்ற ஹவில்தார் மெல்லிய குரலில் சொன்னார்: “சாப், அது முதல் ஓடைதான் என்று எனக்கு அப்போதே தெரியும். ஆனால் இரண்டாவது ஓடையைத் தாண்டிவிட்டோம் என்று குழுவை நடத்திய சாப் வயர்லெஸ்ஸில் சொல்லியாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் எப்படிச் சொல்வது?” வரைபடத்தை மாற்றும்படி நாங்கள் எழுதியனுப்பிய பரிந்துரை முறைப்படி மேலே சென்றது. பிழைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

## ஒன்று: நடவடிக்கை முடிந்ததும் அலசல்

ஆங்கிலத்தில் ‘ஆஃப்டர் ஆக்ஷன் ரிவ்யூ’ எனப்படும் இதை ஏ.ஏ.ஆர். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். செய்ய நினைத்தது என்ன, நடந்தது என்ன, ஏன் அப்படி நடந்தது, அடுத்த முறை என்ன செய்வோம் என்ற நான்கு கேள்விகள்தான் இதன் எலும்புக்கூடு. இதன் வேரை 1943 நவம்பர் வரை பின்னோக்கித் தேடலாம். பசிபிக் கடலில் மேக்கின் தீவுச் சண்டைக்குப் பிறகு எஸ்.எல்.ஏ. மார்ஷல் என்ற அமெரிக்கப் படை வரலாற்றாளர், சண்டையிட்ட வீரர்களைக் குழுவாக உட்காரவைத்து, நிகழ்ந்ததைப் பதவி வேறுபாடு பாராமல் வரிசைப்படுத்திச் சொல்லவைத்தார். போரில் எத்தனை பேர் உண்மையில் சுட்டார்கள் என்று அவர் பின்னாளில் சொன்ன கணக்கை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. குழுவாக உட்காரவைத்துக் கேட்கும் முறை மட்டும் நிலைத்தது.

அது ஒரு முழுப் படையின் பழக்கமாக மாறியது 1980களில், கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் உள்ள ஃபோர்ட் இர்வின் தேசியப் பயிற்சி மையத்தில். சோவியத் படையின் போர்முறையைப் பழகி, அந்த மண்ணை அங்குலம் அங்குலமாக அறிந்த ஒரு ‘எதிரிப்படை’ அங்கே நிரந்தரமாக இருந்தது. பயிற்சிக்கு வரும் பிரிவுகள் பெரும்பாலும் அதனிடம் தோற்றன. துப்பாக்கிகளிலும் டாங்கிகளிலும் லேசர் கருவிகள் பொருத்தப்பட்டிருந்ததால் எந்த வண்டி எந்த நேரத்தில் யாரால் வீழ்த்தப்பட்டது என்பது பதிவாகிவிடும். ஒவ்வொரு மட்டத்திலும் கூடவே செல்லும் பார்வையாளர்கள், சண்டை ஓய்ந்ததும் வண்டிகளின் நிழலிலேயே பிளட்டூனை (கம்பெனியின் உட்பிரிவை) உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்கள்.

அந்த லேசர் செய்த வேலையைப் பலர் கவனிப்பதில்லை. “நாங்கள் குன்றைப் பிடித்துவிட்டோம்” என்று கமாண்டர் சொல்ல முடியாது. பிடிக்கவில்லை என்று கருவி சொல்லிவிட்டது. நடந்தது என்ன என்ற இரண்டாவது கேள்விக்குப் பதவியின் துணையில்லாமலே விடை கிடைத்துவிடுவதால், ஏன் என்ற மூன்றாவது கேள்விக்கு எல்லோரும் சேர்ந்து நேரம் செலவிட முடிந்தது. நம் பிரிவுகளில் இந்த முறையைக் கடன்வாங்கும்போது நான்கு கேள்விகளை மட்டும் எடுத்துக்கொண்டு சான்றை விட்டுவிடுகிறோம். விலையுயர்ந்த கருவி வேண்டும் என்பதில்லை. வயர்லெஸ் பேச்சின் நேரக் குறிப்பேடு, ரோந்துக் குழுவில் ஒருவரிடம் கொடுத்த சாதாரண ஜி.பி.எஸ். கருவியின் தடம், துப்பாக்கிச் சுடுதளத்தின் இலக்கு அட்டை ஆகியவையே போதும். அன்று எங்கள் குழுவிடம் அப்படி ஒரு தடம் இருந்திருந்தால் அந்த ஹவில்தார் வாய் திறந்திருக்கவே வேண்டாம்.

மறைவிலைகள் மூன்று. முதலாவது நேரம். மூன்று நாள் பயிற்சிக்கு அரைநாள் அலசல் என்று பயிற்சித் திட்டத்திலேயே எழுதாவிட்டால், ஆயுதச் சுத்தமும் வண்டி ஏற்றமும் அந்த நேரத்தை விழுங்கிவிடும். இரண்டாவது, கமாண்டரின் முகம். கமாண்டர் வீரர்களைக் கூட்டிப் பேசும் சைனிக சம்மேளனத்தில் “ஏதாவது பாயிண்ட் உண்டா?” என்று கேட்டால் நூறு பேரும் நிமிர்ந்து உட்கார்ந்து மௌனமாக இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். தலைமை வகிப்பவர் தம்முடைய முடிவுகளில் ஒன்று தவறு என்று முதலில் சொல்லாதவரை அந்த மௌனம் உடையாது. ஒருவரின் பணியை மதிப்பிடும் ஆண்டு இரகசிய அறிக்கை எழுதும் கை அவருடையதாக இருக்கும்போது இது எவ்வளவு கடினம் என்பதைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. மூன்றாவது, சடங்காகிப் போகும் ஆபத்து. ‘மூன்று நிறை, மூன்று குறை’ என்று பட்டியல் படித்துக் கைதட்டிக் கலையும் கூட்டங்கள் சில மாதங்களிலேயே வந்துவிடும்.

வேகத்திலும் உண்மையிலும் இதற்கு இணையான வழி இல்லை. பரவல் மட்டும் சுழி. ஒரு பிளட்டூன் கற்றதை அடுத்த பிளட்டூன் அறியாது. அடிக்கடி சேர்ந்து பயிற்சி செய்யும் சிறு பிரிவுக்கும், செலவுக்குத் தனி நிதி இல்லாத பிரிவுக்கும் இதுவே ஏற்றது.

## இரண்டு: பாடம் திரட்டும் மையம்

1983இல் கிரெனடாவில் இறங்கிய அமெரிக்கப் படைகள், ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ள முடியாத வயர்லெஸ் கருவிகளாலும் போதிய வரைபடங்கள் இல்லாமலும் தடுமாறின. 1985இல் கன்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் லெவன்வொர்த்தில், தரைப்படைக்கான பாடம் திரட்டும் மையம் தொடங்கப்பட்டது. 1994இல் ஹெய்தியில் 10ஆவது மலைப்படை டிவிஷன் இறங்கியபோது இந்த மையத்தின் குழுக்களும் உடன்சென்று திரட்டிய செய்திகள், அதற்குப் பின் பொறுப்பேற்கச் சென்ற 25ஆவது டிவிஷனின் முன்பயிற்சிக்குப் பயன்பட்டன. இந்த முறையின் முழுப் பயனும் அந்த நிகழ்வில் இருக்கிறது. பின்னால் வருபவர் யார், எப்போது வருகிறார், அவருக்கு எது தேவை என்பது தெரிந்திருந்தது. திரட்டுபவர் அவரை மனத்தில் வைத்தே திரட்டினார்.

பெறுபவர் யாரென்று தெரியாமல் திரட்டும்போதுதான் இந்த வழி பாழாகிறது. அறிக்கைகள் மேலே போகின்றன, எண்ணிடப்படுகின்றன, இரகசிய முத்திரை பெறுகின்றன, யாருக்குத் தேவையோ அவர் கைக்கு எட்டாத அலமாரியில் அடுக்கப்படுகின்றன. அதோடு, கீழிருந்து மேலே செல்லும் ஒவ்வொரு மேசையிலும் வாக்கியங்கள் மென்மையாகின்றன. “குழுத் தலைவர் வழி தவறினார்” என்பது பிரிகேடை அடையும்போது “வழிகாணும் பயிற்சியில் மேலும் கவனம் தேவை” என்று மாறியிருக்கும். இன்னொரு விலை ஆட்கள். நல்லது எது, வெறும் புலம்பல் எது என்று பிரித்தறியும் அனுபவசாலி ஒருவரை அங்கே உட்காரவைத்தால்தான் மையம் உயிரோடு இருக்கும். பெரும்பாலும் பணி ஓய்வுக்குக் காத்திருப்பவரையே அந்த நாற்காலிக்கு அனுப்புகிறார்கள்.

இதன் எளிய வடிவம் ஒன்று, ஒரே பதவியில் இருப்பவர்கள் தமக்குள் நேரடியாகப் பேசிக்கொள்வது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்கத் தரைப்படையின் இளம் அதிகாரிகள் சிலர் கம்பெனி கமாண்டர்களுக்கென்று இணையத்தில் தாமாகவே ஓரிடத்தைத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளில் படையே அதை ஏற்றுக்கொண்டது. மேசைகளைத் தாண்டாமல் செய்தி பக்கவாட்டில் நகர்கிறது என்பது இதன் வலிமை. சரிபார்க்கப்படாத யோசனையும் அதே வேகத்தில் நகரும் என்பதும், இரகசியக் காப்பு விதிகள் இதற்கு எளிதில் இடங்கொடா என்பதும் எதிர்ப்பக்கம்.

ஒரே இடத்துக்குப் பிரிவுகள் மாறிமாறிச் செல்லும் சூழலில் பாடம் திரட்டும் மையம் பொருந்தும். தனித்த ஒரு பட்டாலியன் தனக்கென்று மையம் அமைப்பது வீண்.

## மூன்று: பயிற்சிப் பள்ளி

இந்த வழியைப் புரிந்துகொள்ள, நம் மண்ணோடு தொடர்புடையதும் வெளியே அதிகம் பேசப்படாததுமான ஒரு வரலாற்றைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டும். 1942இல் பர்மாவில் ஜப்பானியரிடம் தோற்ற பிரிட்டிஷ் இந்தியப் படை ஆயிரம் மைலுக்கு நெருக்கமான தூரம் பின்வாங்கி இந்திய எல்லையை அடைந்தது. தோல்விக்கு ஆயுதக் குறைவு மட்டும் காரணமன்று. அந்தப் படை சாலையை நம்பியே நகர்ந்தது. ஜப்பானியர் காட்டுக்குள் சுற்றிவந்து பின்னால் சாலையை மறித்ததும், மறிப்பை உடைக்கத் திரும்பி ஓடுவதே வழக்கமாயிற்று. பர்மாவின் மேற்குக் கரையில் உள்ள அராகான் மீது 1942 இறுதியில் தொடங்கிய படையெடுப்பும் 1943 மே மாதத்தில் தோல்வியில் முடிந்தது. பல பட்டாலியன்களில் புதிதாகச் சேர்ந்த சிப்பாய்கள் காட்டையே பார்த்திராதவர்கள்.

1943 ஜூன் மாதத்தில் காலாட்படைக் குழு என்ற பெயரில் ஓர் ஆய்வுக் குழு கூடியது. ரெஜிமென்ட் மையத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்த ஒவ்வொருவரும் போர்முனைக்குச் செல்லும் முன் காட்டுப் போரில் தனிப்பயிற்சி பெறவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. இதற்காக இரண்டு முழு டிவிஷன்கள் போரிலிருந்து விலக்கப்பட்டுப் பயிற்சி டிவிஷன்களாக மாற்றப்பட்டன. 14ஆவது டிவிஷன் சிந்த்வாராவிலும் 39ஆவது டிவிஷன் சகாரன்பூரிலும் முகாமிட்டன. அராகானில் அடிபட்ட டிவிஷனே 14ஆவது, அடிபட்டவர்களே ஆசிரியர்களானார்கள். செப்டம்பரில் காட்டுப் போர்க் கையேட்டின் திருத்தப் பதிப்பு வெளிவந்து பிரிவுகளுக்குச் சென்றது. பர்மா முனையில் போரிட்ட 14ஆவது ஆர்மியின் தளபதி ஸ்லிம், ஜப்பானியர் நமக்குப் பின்னால் வந்துவிட்டால் சூழப்பட்டவர்கள் அவர்களே என்று கருதவேண்டும் என்று தம் படையினருக்குத் திரும்பத் திரும்பச் சொன்னார். அலுவலக எழுத்தரும் சமையற்காரரும்கூட ஆயுதப் பயிற்சி பெறவேண்டும் என்றார். 1944 பிப்ரவரியில் அராகானில் நிர்வாகப் பிரிவினர் நிறைந்த ஒரு முகாமை ஜப்பானியர் சூழ்ந்தபோது அந்த முகாம் கலையவில்லை. விமானத்தில் போடப்பட்ட உணவையும் தோட்டாக்களையும் கொண்டு இடத்தைவிட்டு நகராமல் நின்றது. இம்பால், கோஹிமா வெற்றிகள் அதற்குப் பிறகு வந்தவை.

இதில் பள்ளி தனியாக வெல்லவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். குழு ஒன்று உண்மையைச் சொன்னது, கையேடு அதை எழுத்தாக்கியது, பயிற்சி டிவிஷன் அதைப் புதிய ஆளின் உடம்பில் ஏற்றியது, களத்திலிருந்து வந்த செய்தி கையேட்டைத் திருத்தியது. ஆனால் பரவலுக்கும் நிலைப்புக்கும் உரிய பங்கு பள்ளியுடையதே. சுதந்திர இந்தியாவிலும் இதன் தொடர்ச்சி உண்டு. மிசோரத்தின் வைரங்தேயில் 1970 முதல் இயங்கும் காட்டுப்போர்ப் பள்ளியும், காஷ்மீருக்குச் செல்லும் பட்டாலியன்கள் பொறுப்பேற்கும் முன் பயிற்சி பெறும் கோர் பேட்டில் ஸ்கூல்களும் (கோர் எனும் படைத்தொகுதியின் போர்ப் பள்ளிகளும்) அந்த வழியில் வந்தவை.

பள்ளியின் பயனை மிகக் குறைந்த ஆட்களைக் கொண்டு பெருக்கியது அமெரிக்கக் கடற்படை. வியட்நாம் வானில் எதிர்பார்த்த அளவுக்கு வெற்றி கிடைக்காததால் காரணத்தை ஆராய்ந்து, 1969 மார்ச்சில் மிராமர் தளத்தில் போர்விமானிகளுக்கான ஆயுதப் பள்ளியைத் தொடங்கியது. ஒவ்வொரு ஸ்குவாட்ரனிலிருந்தும் தேர்ந்த விமானிகளைச் சில வாரங்களுக்கு மட்டும் அழைத்து, அவர்கள் திரும்பிச் சென்று தம் ஸ்குவாட்ரனுக்கே ஆசிரியர்களாக வேண்டும் என்று வைத்தார்கள். இழந்த ஒரு விமானத்துக்கு இரண்டுக்குச் சற்று மேல் என்றிருந்த வீழ்த்தல் விகிதம், போரின் பிற்பகுதியில் பன்னிரண்டளவுக்கு உயர்ந்தது.

உயர்நிலைக் கல்வியை எடுத்துக்கொண்டால் நீலகிரியின் வெலிங்டனில் உள்ள பாதுகாப்புப் பணிகள் பணியாளர் கல்லூரியைச் சொல்லவேண்டும். 1905இல் தேவ்லாலியில் தொடங்கி, 1907இல் குவெட்டாவுக்குச் சென்று, பிரிவினைக்குப் பின் வெலிங்டனில் அமைந்த கல்லூரி அது. முப்படை அதிகாரிகளும் நட்பு நாட்டு அதிகாரிகளும் ஏறத்தாழ ஓராண்டு சேர்ந்து படிப்பதால் கிடைக்கும் பொது மொழி, எந்த ஏ.ஏ.ஆர். கூட்டத்தாலும் கிடைக்காதது. ஆனால் அதன் பயன் பல ஆண்டுகள் கழித்தே தெரியும். கம்பெனி அளவுப் பிழையைத் திருத்த அது வழியன்று.

பள்ளியின் மறைவிலைகளில் பெரியது, தேர்ந்த ஆளை இழப்பது. பிரிவிலிருந்து மிகச் சிறந்த ஹவில்தாரை அனுப்பினால்தான் பயன். அவரை அனுப்ப எந்தக் கம்பெனி கமாண்டருக்கும் மனம் வருவதில்லை. ஆகவே கையில் ஓய்வாக இருப்பவரே போகிறார். அடுத்தது, விடைத்தாள் கலாசாரம். பாட வகுப்பு எதுவானாலும் முந்தைய அணியினர் விட்டுச்சென்ற விடைகள் பி.சி.கே. என்ற பெயரில் கைமாறுவது படையில் எல்லோரும் அறிந்தது. ஆசிரியர் எதிர்பார்க்கும் தீர்வை மோப்பம் பிடித்து எழுதும் திறமை, நிலத்தைப் பார்த்து முடிவெடுக்கும் திறமை ஆகாது. தர எண் பதவி உயர்வோடு இணைக்கப்பட்டிருக்கும்வரை இது குறையாது. கடைசியாக, பள்ளி சென்ற போரைக் கற்றுத்தரும். களத்திலிருந்து புதிதாக வந்தவர்கள் குறுகிய காலம் ஆசிரியர்களாக இருந்து திரும்பும் ஏற்பாடு இல்லாவிட்டால் பாடத்திட்டம் உறைந்துவிடுகிறது.

## நான்கு: தண்டனையில்லாப் பிழை அறிக்கை

விமானப் பிரிவுகளிலிருந்து வந்த முறை இது. அமெரிக்கக் கடற்படை 1954ஆம் ஆண்டில் மட்டும் 776 விமானங்களை விபத்தில் இழந்தது. அதன்பின் பாதுகாப்பு மையம், இறங்குதளம் கோணமாக அமைந்த விமானந்தாங்கிக் கப்பல்கள், 1961இல் வந்த பொது இயக்க நடைமுறை நூல்கள் என்று பல மாற்றங்கள் சேர்ந்து விபத்து விகிதத்தை வெகுவாகக் குறைத்தன. அந்த நடைமுறை நூல்களில் திருத்தம் கோரும் உரிமை, அதைப் பயன்படுத்தும் விமானிக்கே உண்டு.

இம்முறையின் உயிர் அமைப்பில் இருக்கிறது. அமெரிக்க விமானப்படையில் பெரிய விபத்துக்கு இரண்டு விசாரணைகள் தனித்தனியே நடக்கின்றன. ஒன்று, இனி நேராமல் தடுப்பதற்காக. அதில், இரகசியம் காக்கப்படும் என்ற உறுதிமொழியைப் பெற்றுச் சொன்னதைத் தண்டனைக்குப் பயன்படுத்த முடியாது. மற்றொன்று, சட்டப் பொறுப்பை முடிவுசெய்வதற்காக. ஒரே கோர்ட் ஆஃப் என்கொயரி (படையின் விசாரணைக் குழு) இரண்டு வேலையையும் செய்யும் இடத்தில், சாட்சி சொல்பவர் தம்மைக் காத்துக்கொள்ளும் சொற்களையே தேர்ந்தெடுப்பார். அதற்காக அவரைக் குறைசொல்வதற்கில்லை.

விலை என்னவென்றால், கவனக்குறைவையும் அலட்சியத்தையும் பிரிக்கும் கோட்டை முன்கூட்டியே வரைய வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவருக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. பின்னோக்கி எடுக்கும்போது வழிகாட்டும் ஆளை நிறுத்த மறந்து, மயிரிழையில் தப்பியவருக்கு உண்டு. வாக்குறுதியை ஒருமுறை மீறினாலும் முறை செத்துவிடும். முதல் அறிக்கை எழுதியவர் தண்டிக்கப்பட்டால் இரண்டாவது அறிக்கை வராது. வண்டி, ஆயுதம், வெடிபொருள், விமானம் போன்று ஒரே செயல் ஆயிரம் முறை நிகழும் பணிகளுக்கு இது மிகப் பொருத்தம். தந்திர முடிவுகளுக்கு அவ்வளவாக உதவாது.

## ஐந்து: வெளி ஆய்வுக் குழு

இரண்டு இந்திய அனுபவங்களை அருகருகே வைத்துப் பார்த்தால் இந்த வழியின் குணம் விளங்கும். 1962 சீனப் போருக்குப் பின் லெப்டினன்ட் ஜெனரல் ஹென்டர்சன் புரூக்ஸும் பிரிகேடியர் பகத்தும் எழுதிய அறிக்கை 1963இல் முடிந்தது. அதை அரசு இன்றுவரை வெளியிடவில்லை. ஒரு பகுதி 2014இல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் மூலம் கசிந்தது. அந்தப் போரில் எந்தக் கட்டளை ஏன் தவறியது என்று வெலிங்டனில் படிக்கும் இளம் அதிகாரியும் நினைவுக் குறிப்புகளிலிருந்தே தேடவேண்டிய நிலை அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்தது.

கார்கில் போர் 1999 ஜூலை 26இல் முடிந்தது. மூன்று நாளில், ஜூலை 29இல், ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது. தலைமை வகித்தவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம், போர்முனையிலோ படைப் பதவியிலோ இருந்தவரல்ல, ஆட்சிப் பணியிலிருந்து பாதுகாப்புச் சிந்தனைக்கு வந்தவர். யார் குற்றவாளி என்று தீர்ப்பதைக் குழு தன் வேலையாகக் கொள்ளவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் அறிக்கை தயாராகி, 2000 பிப்ரவரியில் சில பகுதிகள் நீக்கப்பட்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. 527 வீரர்களை இழந்த நாட்டுக்கு அது செய்யவேண்டிய கடமை என்றே நான் கருதுகிறேன். தொடர்ந்து அமைச்சர்கள் குழு ஆராய்ந்து 2001இல் பரிந்துரை தந்தது. ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணியகமும் பாதுகாப்பு உளவு அமைப்பும் விரைவில் வந்தன. ஆனால் அமைச்சர்கள் குழு பரிந்துரைத்த முப்படைத் தலைமைத் தளபதி பதவி நடைமுறைக்கு வந்தது 2020 ஜனவரி 1இல்.

வெளிக்குழுவின் விலை இந்தக் கால இடைவெளியில் இருக்கிறது. அது பார்க்கும், சொல்லும். செய்யவைக்கும் கை அதற்கில்லை. படைப்பிரிவுகளிடையே உள்ள எல்லைச் சண்டைகள், உளவு அமைப்புகளுக்கிடையே செய்தி பகிராமை போன்று எந்தக் கமாண்டரும் தம் அதிகாரத்துக்குள் திருத்த முடியாத பிழைகளுக்கு மட்டுமே இதை நாடவேண்டும். கம்பெனி மட்டத்தில் இதைக் கையாண்டால் அது தண்டனை விசாரணையாகவே உணரப்படும்.

## அருகருகே வைத்தால்

| வழி | வேகம் | கடைநிலை உண்மை | பரவல் | மாற்றலுக்குப் பின் நிலைப்பு | விலையைக் கொடுப்பவர் |
|---|---|---|---|---|---|
| அலசல் கூட்டம் | அதே நாள் | சான்று இருந்தால் மிக அதிகம் | மிகக் குறைவு | தலைவரைப் பொறுத்தது | கமாண்டரின் முகம், பயிற்சி நேரம் |
| பாடம் திரட்டும் மையம் | வாரங்கள் முதல் மாதங்கள் | ஒவ்வொரு மேசையிலும் தேயும் | பெறுபவர் தெரிந்தால் அதிகம் | நன்று | அனுபவசாலிகளை இழக்கும் பிரிவு |
| பயிற்சிப் பள்ளி | மாதங்கள் முதல் ஆண்டுகள் | நடுத்தரம் | மிக அதிகம் | மிக நன்று | சிறந்த ஆளை அனுப்பும் கம்பெனி |
| தண்டனையில்லா அறிக்கை | நாட்கள் | வாக்குறுதி காக்கப்பட்டால் அதிகம் | நடுத்தரம் | எழுத்து விதியானால் நன்று | ஒழுங்கு நடவடிக்கை அதிகாரம் |
| வெளிக்குழு | ஆண்டுகள் | உயர்மட்ட உண்மை மட்டும் | வெளியிட்டால் மிக அதிகம் | அரசைப் பொறுத்தது | அமைப்பின் மதிப்பு |

## மூவருக்கும் தனித்தனியே

கம்பெனி கமாண்டருக்கு: அலசல் கூட்டத்திலிருந்து தொடங்குங்கள், அதுவும் சான்றோடு தொடங்குங்கள். கூட்டத்தைக் கம்பெனியாக நடத்தவேண்டாம்; பிளட்டூனின் உட்பிரிவான செக்‌ஷன் அளவில் முதலில் பேசவிட்டு, பிறகு பிளட்டூனாகச் சேருங்கள். பேசும் வரிசை இளையவரிலிருந்து மேலே வரட்டும். சுபேதார் முதலில் பேசிவிட்டால் நாயக்கும் சிப்பாயும் அதையேதான் வேறு சொற்களில் சொல்வார்கள். சுபேதார் சாபின் மரியாதை குறையாதபடி இதைச் செய்ய, கூட்டத்துக்கு முன்பே அவரோடு தனியே உட்கார்ந்து பேசி, அவரையே கடைசியில் தொகுத்துச் சொல்லச் செய்யுங்கள். அவர் உங்கள் பக்கம் நின்றால் வேலை பாதி முடிந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் ஒரே ஒரு டிரில்லை (பழகிய செய்முறையை) மாற்ற முடிவெடுத்தால் போதும். அடுத்த பயிற்சியின் முதல் மணி நேரத்தில் அந்த மாற்றத்தைச் செய்துபாருங்கள். பத்துப் பாடம் எழுதி ஒன்றும் மாறாத கூட்டத்துக்கு இரண்டாம் முறை யாரும் மனத்தோடு வரமாட்டார்கள்.

ஆயுதப்படைக் காவல் பிரிவு அதிகாரிக்கு: உங்கள் ஆட்கள் சிறுசிறு குழுக்களாகப் பாதுகாப்புப் பணிக்குச் சிதறிக்கிடக்கிறார்கள், முழுப் பிரிவாகப் பயிற்சி செய்யும் நாட்கள் மிகச் சில. ஆகவே அலசல் கூட்டத்துக்குக் களமே கிடைக்காது. தண்டனையில்லா அறிக்கையை, ஆயுதம் கையாளுதல், வண்டி ஓட்டுதல் ஆகிய இரண்டுக்கு மட்டும் தொடங்குங்கள். தோட்டா இருக்கிறதா என்று பாராமல் துப்பாக்கியை ஒப்படைத்தது, காலி செய்யாமல் ரைஃபிளைச் சாய்த்துவைத்தது போன்று மயிரிழையில் தப்பியவை யாவும் அதற்குள் வரும். அறிக்கையைப் பெறுபவர் தண்டனை அதிகாரம் இல்லாத ஒருவராக, முடிந்தால் பயிற்சி ஆசிரியராக இருக்கட்டும். எது பாதுகாப்புக்குள் வரும், எது வராது என்பதை உங்கள் மேலதிகாரியிடம் எழுத்தில் கையொப்பமாகப் பெறாமல் தொடங்கவேண்டாம். வாய்மொழி வாக்குறுதியை நம்பி ஒரு காவலர் உண்மையைச் சொல்லி, பிறகு மாட்டிக்கொண்டால், அந்தப் பிரிவில் பத்தாண்டுக்கு யாரும் பேசமாட்டார்கள்.

மாணவிக்கு: உங்கள் கேள்வி முழு அமைப்பைப் பற்றியது, அங்கே ஒரு வழி மற்றொன்றுக்கு மாற்றாகாது, வரிசைதான் கேள்வி. 1943ஐயும் 1999ஐயும் ஒப்பிட்டு எழுத முடியுமானால் எழுதுங்கள். முன்னதில் குழுவின் பரிந்துரை சில மாதங்களில் சிந்த்வாராவில் கூடாரமாக நின்றது. பின்னதில் ஒரு பரிந்துரை ஏறத்தாழ இருபது ஆண்டு காத்திருந்தது. போர் நடந்துகொண்டிருந்தது என்பது மட்டும் காரணமா, பரிந்துரையைப் பெற்றவரிடமே பணமும் ஆளும் ஆணையிடும் அதிகாரமும் ஒருங்கே இருந்ததா என்பதைத் தேடிப்பாருங்கள். இரண்டாவதே காரணம் என்பது என் ஊகம்.

கம்பெனி கமாண்டர் கடிதத்தின் இறுதியில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: இரண்டு ஆண்டில் தாம் மாற்றலாகிவிடுவோமே, அதன்பின் என்னவாகும்? பொறுப்பை ஒப்படைக்கும்போது துப்பாக்கி, தொலைநோக்கி, கூடாரம், கணக்குப் புத்தகம் என்று எல்லாவற்றையும் எண்ணிக் கையொப்பம் வாங்குகிறோம். அந்தக் கோப்பில் ஒரு தாளைக் கூடுதலாகச் சேருங்கள். இந்த இரண்டு ஆண்டில் கம்பெனி செய்த பிழைகள், அதனால் மாற்றிய டிரில்கள், மாற்றியும் சரிவராதவை என்று மூன்று பத்திகள். சுபேதாரும் அதில் கையொப்பமிடட்டும், ஏனெனில் வரப்போகும் அதிகாரிக்கு அதை வாயால் விளக்கப்போகிறவர் அவர்தான். முதல் வரியில் உங்கள் சொந்தப் பிழையொன்றை எழுதுங்கள்.